சின்னப் பிள்ளைகளோடு தெற்குக் கரையில் வில்லா பிடிக்கிறவர்கள் கொஞ்சம் கவனம்

பெந்தோட்டைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில் "குடும்பங்களுக்கான கடற்கரை வில்லா" என்று தமிழிலேயே விளம்பரம் போட்டு, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து ஆட்களைக் குறிவைத்து ஒரு சுத்துமாத்து நடக்கிறது. இல்லாத வீட்டைக் காட்டிக் காசு வாங்குகிற கதை என்று நினைக்காதீர்கள். வீடு இருக்கிறது, படமும் உண்மைப் படம். ஆனால் அந்த வீட்டை உங்களுக்குத் தரமாட்டார்கள்.

ஓகஸ்ட் லீவுக்கு இவருடைய தங்கச்சி குடும்பம் கனடாவிலிருந்து வந்திருந்தது. நல்லூர்த் தேர் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு வந்தவர்களுக்கு, திரும்பிப் போக முதல் பிள்ளைகளை ஒருக்கா கடலில் விளையாட விடவேண்டும் என்று ஆசை. விளம்பரத்தில் எல்லாம் எங்களுக்காகவே எழுதினது மாதிரி இருந்தது: கரையோடு ஒட்டிய வீடு, வேலி போட்ட சின்ன நீச்சல் தடாகம், தொட்டில், 5 வயதுக்குக் கீழே இலவசம், "கடல் அமைதி, குழந்தைகளுக்குப் பாதுகாப்பு". போனில் கதைத்த தம்பிக்கு அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ். ஒரு இரவுக்கு 45,000 ரூபா. பாதியை முன்பணமாக யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் போடச் சொன்னார். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

வான் அளுத்கமையைத் தாண்டுகிற நேரம் போன் அடித்தது. "அக்கா, குழாய் வெடிச்சு ரூமெல்லாம் தண்ணி. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, பக்கத்திலயே எங்கட மற்ற வீட்டில ஒழுங்கு செய்திருக்கிறம். அது இதைவிட நல்லம்."

அந்த நேரத்தைக் கவனியுங்கள். இருட்டிவிட்டது. சின்னவள் நித்திரை, மச்சாளின் மகன் இரண்டாம் தரம் சத்தி எடுத்து முடித்திருக்கிறான், மாமிக்கு முழங்கால் நோவு. காலையிலேயே சொல்லியிருந்தால் வீட்டில் நின்றிருப்போம், முன்பணத்தையும் திருப்பிக் கேட்டிருப்போம். இரண்டு பெடியன்கள் மட்டும் போயிருந்தால் சண்டை பிடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். பம்பர்ஸ் பையும் பால் போத்தலுமாக வருகிற குடும்பம் இரவில் எங்கே போகும்? இவர்களுடைய கணக்கே அதில்தான் நிற்கிறது.

"பக்கத்து வீடு" காலி வீதிக்கு மற்றப் பக்கம், ரயில் பாதையையும் கடந்து உள்ளே. பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற அந்த வீதியைப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடந்தால்தான் கடல். தொட்டில் இல்லை. நுளம்பு வலையில் கை நுழைகிற ஓட்டை. தடாகத்துக்கு வேலியும் இல்லை, தண்ணீர் பாசிப் பச்சை. நடக்கத் தொடங்கின பிள்ளை இருக்கிற வீட்டில் அது எப்படிப்பட்ட இரவு என்று தாய்மாருக்குத் தெரியும். கதவுக்குக் குறுக்கே மேசையைப் போட்டுவிட்டு நானும் மச்சாளும் முறை வைத்து விழித்திருந்தோம்.

விடிந்ததும் இவர் நடந்துபோய்ப் படத்தில் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தார். குழாயும் வெடிக்கவில்லை, ஒன்றும் வெடிக்கவில்லை. விறாந்தையில் வெள்ளைக்காரர் சிலர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்களாம். டொலர் வந்தால் ரூபாய்க்காரருக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். எனக்குப் பொறுக்க முடியாதது கடல் விஷயம். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அந்தக் கரை முழுக்கக் கடல் கொந்தளிக்கும். அங்கே தொழில் செய்கிறவனுக்கு இது தெரியாமலா "கடல் அமைதி" என்று எழுதுகிறான்? நாங்கள் போனபோது சிவப்புக் கொடி பறந்தது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் கருமையாக, ஆட்டமில்லாமல் கிடந்தது. "அங்க அலை இல்லை மேடம், பிள்ளைகளை அதில இறக்குங்கோ" என்று வில்லாப் பெடியன் கைகாட்டினான். மூத்தவன் கால் நனைக்க முதலே உயிர்காப்புப் பொலிஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அலை கரைக்குக் கொண்டுவருகிற தண்ணீர் திரும்பிப் போகிற வழி அதுதானாம்; அமைதியாகத் தெரிகிற அந்த இடம்தான் ஆளை உள்ளே இழுக்கும். நீந்தத் தெரிந்த பெரியவர் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நீந்தித் தப்பலாம். 6 வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பெடியனை நான் ஏசவில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏசவேண்டியது அவனை அந்த வேலைக்கு வைத்தவனை.

போகும்போது பில். தலைக்கு 3,500 ரூபா என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டிருந்தது, பால்குடிக்கும் சேர்த்து. அதற்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், 18 வீதம் வற். எல்லாம் கொப்பி ஒற்றையில் கையெழுத்தில். வற் பதிவு உள்ளவர்தான் அந்த வரியை அறவிடலாம், பில்லில் பதிவு இலக்கமும் இருக்கவேண்டும். இலக்கம் எங்கே என்று இவர் கேட்டதும் வற் காணாமல் போனது. பிள்ளைகளின் காசு காணாமல் போகவில்லை. வான் சாரதி ஹோர்ன் அடிக்கிறார், பிள்ளைகள் அழுகிறார்கள். கட்டிவிட்டு வந்தோம். பிறகும் அதே கணக்குத்தான், பாருங்கள்.

எங்கேயாவது பதிவு செய்ய முதல், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உள்ள இடமா என்று 1912க்கு எடுத்துக் கேளுங்கள். ஓகஸ்டில் பிள்ளைகளைக் குளிக்க வைக்கத்தான் வேண்டும் என்றால் கிழக்குக்குப் போங்கள். அந்த நேரம் பாசிக்குடாவில் கடல் அமைதி, கனதூரம் முழங்கால் ஆழம்தான். பயணம் நீளம், ஆனால் கடல் கடலாக இருக்கும். வழியில் போன் வந்து இடம் மாற்றினால், அந்த உரையாடலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எங்களிடம் அது இருந்தபடியால்தான் முறைப்பாடு எழுத முடிந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. ஆனால் போனில் சொல்வதோடு நிற்காமல், சேவை பெற்று 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். வங்கி ஸ்லிப், விளம்பரத்தின் படம், அந்தக் கொப்பி ஒற்றை எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். இதுவரை ஒரு ரூபாவும் திரும்பி வரவில்லை.

போன கிழமை மச்சாள் கனடாவிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். பெயரை மாற்றிக்கொண்டு டிசெம்பர் லீவுக்கு முன்பதிவு எடுக்கிறார்கள். படங்கள் பழையவைதான்: நீல ஓடு பதித்த தடாகம், ஓரத்தில் ஒரு காது உடைந்த சீமெந்து யானை. அந்த யானையைக் கண்டால் காசு போடாதேங்கோ.