நெட் இல்லாமலே வாசிக்கும் பயர்பாக்ஸ்

பத்திரம் டைப் செய்வது என் பிழைப்பு. ஆதார் எண், பான் எண், கிரயத் தொகை எல்லாம் அதில் வரும். 'இலவசமாக வாசித்துத் தருகிறோம்' என்கிற ஏதோ ஒரு தளத்தில் அதைக் கொண்டுபோய் ஒட்ட மனசு வராது. ஆனால் கண்ணுக்குத் தப்பிய பிழை காதில்தான் சிக்கும்.

லினக்ஸ் கணினியில் பத்திரத்தைச் சத்தமாக வாசிக்கவைக்க பயர்பாக்ஸ் பிரவுசரே போதும். டைப் செய்யும் லிப்ரே ஆபீஸில் ஹெச்டிஎம்எல்லாக, அதாவது வலைப்பக்க வடிவில் சேமித்து, பயர்பாக்ஸில் திறந்து, கன்ட்ரோல்-ஆல்ட்-ஆர் அழுத்தினால் எழுத்தை மட்டும் எடுத்துக்காட்டும் ரீடர் வியூ வரும். ஓரத்திலுள்ள ஹெட்போன் படத்தைத் தட்டினால் வாசிக்கும். எழுத்தைப் பேச்சாக்க உதவும் ஸ்பீச் டிஸ்பாட்சர், ஈஸ்பீக் என்ஜி என்கிற இரண்டு மென்பொருள்களும் நிறுவியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒலி நம் கணினிக்குள்ளேயே உருவாகிறது. வைஃபையை அணைத்துப் பாருங்கள், வாசிப்பு நிற்காது.

மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில் பல்லவி, வள்ளுவர் என்று அசல் மனிதர் போலவே பேசும் குரல்கள் உண்டு. ஆனால் பெயரிலேயே 'ஆன்லைன்' என்று இருப்பவை சர்வரில் உருவாகிற குரல்கள். நம் எழுத்து அங்கே போய்த்தான் ஒலியாகத் திரும்பும். கதை கேட்க அது சுகம். பத்திரத்துக்கு வேண்டாம்.

ஈஸ்பீக் குரல் இனிமையா? கிடையவே கிடையாது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். பிழை திருத்த அதுதான் வசதி. 'வாரிசுகள்' கடைசியில் புள்ளி விட்டுப்போனால் 'வாரிசுகள' என்று அப்படியே கொட்டிவிடும். 'கிழக்கு கிழக்கு' என்று இரட்டித்திருந்தால் இரண்டு முறையும் சொல்லும். நான்கெல்லை விவரம் வரும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். சர்வே எண்ணை மட்டும் இதை நம்பி விடுவதில்லை. மூலப் பத்திரத்தோடு கண்ணால் ஒத்துப்பார்ப்பதுதான்.