லாரி வைப்பர் மோட்டாரிலிருந்து சர்வோ வரை: என் மோஷன் சிமுலேட்டரின் மூன்று வருடம்

கார் ரேஸ் கேமில் வண்டி ஆடுவதற்கு ஏற்ப நாம் உட்காரும் சீட்டையும் ஆட்டுவதுதான் மோஷன் சிமுலேட்டர். அதற்கு முதல் ஜோடி மோட்டாரை கோவை உக்கடம் பழைய இரும்புக்கடையில்தான் எடுத்தேன். லாரி வைப்பர் மோட்டார், 24 வோல்ட். அதற்கு முன்னால் கார் வைப்பர் மோட்டாரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன், 78 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்ததும் முனகிக்கொண்டு நின்றுவிட்டது, அதோடு அது முடிந்தது. ஒரு ஆம்னி சீட், அதன் அடியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட், பின்னால் பக்கத்துக்கு ஒரு மோட்டார். பிரேக் போட்டால் முன்னால் சாயும், வளைவில் பக்கவாட்டில் சாயும், அவ்வளவுதான். கேமிலிருந்து வண்டியின் அசைவை எடுத்து அனுப்ப கம்ப்யூட்டரில் சிம்டூல்ஸ் சாஃப்ட்வேர், அதை வாங்கி மோட்டாரை ஓட்ட ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டில் எஸ்எம்சி3 புரோகிராம்.

வைப்பர் மோட்டார் எடுப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பலவற்றில் நெகட்டிவ் பக்கம் நேராக பாடியோடு இணைந்திருக்கும். வண்டியில் அது ஒரே பக்கம்தான் சுற்றும், அதனால் தொல்லை இல்லை. நமக்கு இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும், திசை மாற்றித் தரும் எச்-பிரிட்ஜ் சர்க்யூட்டில் மாட்டியதும் பாடிக்கும் சப்ளை வந்துவிடும், இரண்டையும் ஒரே இரும்பு ஃபிரேமில் போல்ட் போட்டால் ஷார்ட்தான். பிரித்து அந்த இணைப்பை வெட்டித் தனி ஒயர் இழுத்தேன். அரை நாள் போனது.

மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவராக, அந்த எச்-பிரிட்ஜ் உள்ள ஐபிடி-2 போர்டு இரண்டு. 43 ஆம்பியர் என்று போட்டிருப்பார்களே, அந்த 43 எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதில் இருக்கும் பிடிஎஸ்7960 சிப், கரண்ட் அந்த அளவைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டுப்படுத்திவிடும். மணிக்கணக்கில் ஓட்டக்கூடிய கரண்ட் அது இல்லை. கூடவே வரும் சின்ன ஹீட்சிங்கோடு, மே மாதத்தில், பத்து ஆம்பியர் தொடர்ந்து போனாலே விரல் வைக்க முடியவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை அதன் மேல் ஊத விட்ட பிறகுதான் நிம்மதி. வேகத்தைக் கட்டுப்படுத்த மோட்டாருக்குக் கரண்டை விட்டு விட்டுத்தான் கொடுக்கிறோம். ஆர்டுயினோவின் இயல்பான 490 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 490 தடவை விட்டுக் கொடுத்தால், மோட்டார் காதோரம் கொசு பாடுகிற மாதிரி கத்தும். 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சத்தம் போகும், ஆனால் சிப் இன்னும் சூடாகும். ஃபேன் இருக்கிறதே என்று ஏற்றிவிட்டேன்.

என்னை நிஜமாகவே அழவைத்தது வேறு. கேமில் வண்டி சுவரில் இடிக்கும், உடனே 24 வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை அணைந்துவிடும். ஒவ்வொரு தடவையும். சப்ளைக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிதாக ஒன்று வாங்கினேன், தண்டச் செலவு, அதுவும் அணைந்தது. கடைசியில் ஒரு நண்பரின் ஆஸிலோஸ்கோப்பைக் கடன் வாங்கி வைத்துப் பார்த்தால், மோட்டார் திசை மாறும் நேரத்தில் 24 வோல்ட் லைன் 30-ஐத் தாண்டுகிறது. வேகமாகச் சுற்றுவதைச் சட்டென்று நிறுத்தித் திருப்பினால் மோட்டார் டைனமோ ஆகிவிடுகிறது, அது தரும் கரண்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரியாது. பிடிஎஸ்7960 வேலை செய்வதும் 27.5 வோல்ட் வரைதான். கரண்ட் எவ்வளவு எடுக்கும் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், எவ்வளவு திருப்பித் தரும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸை 23 வோல்ட்டுக்கு இறக்கினேன். 26-ஐத் தாண்டினால், வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கம்பேரேட்டர், மாஸ்ஃபெட் என்ற எலெக்ட்ரானிக் சுவிட்சை ஆன் செய்யும், மிச்ச கரண்ட் முழுக்க லாரி ஹெட்லைட் பல்பு ஒன்றில் போய் எரியும். வண்டி இடிக்கும்போதெல்லாம் ரூமில் மின்னல் வெட்டும். பார்க்க வருகிறவர்கள் அதையும் கேமோடு சேர்ந்தது என்றே நினைத்தார்கள்!

இப்படியே ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. நிலையைச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர்கள் நடுப்பகுதியில் தேய்ந்து, சீட் சும்மா இருக்கும்போதே நடுங்க ஆரம்பித்தது, காந்தத்தை வைத்து, உரசாமல் நிலையை அளக்கும் ஹால் சென்சார் போட்டதும் சரியானது. மோட்டாருக்குள் இருக்கும் வார்ம் கியரின் பிளேக்கு, அதாவது பற்களுக்கு நடுவில் இருக்கும் லூஸுக்கு, மட்டும் மருந்து கிடைக்கவில்லை.

அப்புறம்தான் ஏசி சர்வோ, சொன்ன நிலைக்குத் துல்லியமாகப் போய் நிற்கும் மோட்டார். சீட் நிற்கும் மேடையின் நான்கு மூலைக்கும் 750 வாட், 2.4 நியூட்டன் மீட்டர் மோட்டார், சுற்றுவதை மேலும் கீழுமாக மாற்ற 1605 பால் ஸ்க்ரூ, ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும். கணக்குப்படி ஒரு ஸ்க்ரூவே 250 கிலோவுக்கு மேல் தள்ளும், 3000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 250 மில்லிமீட்டர் போகும். திரும்பி வரும் கரண்டுக்கு டிரைவருக்குள்ளேயே ரெசிஸ்டர் இருக்கிறது. ஓட்டிப் பார்த்த முதல் நாளே தெரிந்துவிட்டது, பழையதில் நான் உணர்ந்ததெல்லாம் ஆட்டம்தான், ரோடு இல்லை.

ஆனால் நான்கு டிரைவரும் சேர்ந்து எர்த்துக்குக் கசியவிடுவதில் வீட்டின் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச், விழுந்துகொண்டே இருந்தது. "அதைத் தூக்கிட்டு டைரக்டா குடுத்திரலாம் சார்" என்றார் எலெக்ட்ரீஷியன். நான் ஒத்துக்கொள்ளவில்லை, தனி லைன், நல்ல எர்த், அதற்கென்று தனி ஆர்சிசிபி போட்டோம். சர்வோ ஆன் ஆனதும் ஸ்டியரிங்கின் யூஎஸ்பி இணைப்பு அடிக்கடி துண்டித்துக்கொண்டிருந்தது, மின் இரைச்சலை அடக்கும் ஷீல்டு ஒயரும் ஃபெரைட்டும் போட்டதும் நின்றது. கரண்ட் போனால் மேடை மெதுவாகக் கீழே இறங்கும், பால் ஸ்க்ரூ பிடித்து நிற்காது. வைப்பர் மோட்டார் அந்த விஷயத்தில் கெட்டி, வைத்த இடத்தில் நிற்கும்.

சர்வோ மோட்டாரும் டிரைவரும் ஒரு செட்டே எனக்கு இருபதாயிரத்தைத் தாண்டியது. முதல் முறை கட்டுபவர் அங்கே போக வேண்டாம், லாரி மோட்டாரில் ஆரம்பியுங்கள், பல்பை மறக்காதீர்கள். என் பழைய செட் இப்போது பக்கத்துத் தெருப் பையனிடம் இருக்கிறது. போன வாரம் "அண்ணா, பல்பு போயிருச்சு" என்று வந்து நின்றான். எச்4, 24 வோல்ட் என்று கேட்டு வாங்கு, பைக் கடையில் போய் 12 வோல்ட்டை எடுத்துவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.