நான்கு டெராபைட் வட்டு இரண்டாகச் சுருங்கியது: இரண்டாவது ஹார்ட் டிஸ்க் பொருத்துவோர் கவனத்துக்கு

வீட்டுக் கணினியில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, பார்ட்டிஷன் (வட்டைப் பகுதிகளாகப் பிரிப்பது) பிரித்து, கோப்புகளை ஏற்கும்படி ஃபார்மேட் செய்து தரும் வேலையை வட்டை விற்றவரிடமே ஒப்படைத்தேன். நானே செய்திருக்கக்கூடிய வேலைதான், சோம்பல் தடுத்தது. 4 டெராபைட் கொள்ளளவுள்ள புத்தம் புதிய வட்டு என்று சொல்லி விற்றார். வேலை முடிந்தபின் திரையில் தெரிந்ததோ 2 டெராபைட்.

"கம்பெனிக்காரர்கள் ஆயிரத்தால் கணக்கிடுவார்கள் சார், விண்டோஸ் 1024ஆல் கணக்கிடும், அதனால் எப்போதும் குறைத்துத்தான் காட்டும்" என்றார். இதில் உண்மை கலந்திருந்ததால்தான் நான் வாயடைத்துப் போனேன். ஆனால் அந்தக் கணக்கில் நூற்றுக்கு ஒன்பது அளவுக்குத்தான் குறையும். 4 டெராபைட் வட்டு 3.63 என்று தெரிய வேண்டுமே தவிர, பாதியாகிவிடாது.

அவர் போனபின், வட்டுகளைப் பிரித்து நிர்வகிக்க விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தபோது விஷயம் விளங்கியது. வட்டு முழுவதும் அங்கே இருந்தது. ஆனால் 2048 ஜிபிக்கு அப்பால் ஏறத்தாழ 1,678 ஜிபி, 'அன்அலோகேட்டட்' (எதற்கும் ஒதுக்கப்படாதது) என்ற கறுப்புப் பட்டையின் கீழ் முடங்கிக் கிடந்தது. அதன்மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டால் புதிய பார்ட்டிஷன் உருவாக்கும் தேர்வு மங்கிக் கிடந்தது. புதிய வட்டை முதன்முதலாக இணைக்கும்போது பார்ட்டிஷன் விவரங்களை வட்டில் குறித்துவைக்க எம்பிஆர் என்ற பழைய முறை வேண்டுமா, ஜிபிடி என்ற புதிய முறை வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும். இவர் எம்பிஆரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 1983இல் வந்த அந்த முறை ஒவ்வொரு செக்டரின் (வட்டின் மிகச் சிறிய சேமிப்புக் கூறு) எண்ணையும் 32 பிட்டுகளில் குறித்துக்கொள்வதால், செக்டர் ஒன்றுக்கு 512 பைட் என்ற கணக்கில் 2 டெராபைட்டைத் தாண்டி அதனால் முகவரி கொடுக்க இயலாது.

தொலைபேசியில் கேட்டேன். "உங்கள் கணினி பழையது சார், அதில் ஜிபிடி ஓடாது" என்றார். இதுவும் பாதி உண்மை. ஜிபிடி வட்டிலிருந்து விண்டோஸ் தொடங்க வேண்டுமானால் யுஇஎஃப்ஐ வசதி (கணினியைத் தொடக்கிவைக்கும் புதிய வகை அடிப்படை மென்பொருள்) தேவைதான். கோப்புகளை வைக்கும் இரண்டாவது வட்டுக்கு அது தேவையில்லை.

திருத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எம்பிஆரை ஜிபிடியாக மாற்ற, வட்டிலுள்ள பார்ட்டிஷன்களை எல்லாம் முதலில் நீக்கியாக வேண்டும். அதற்குள் அவர் என் பழைய வட்டில் இருந்த குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் புதியதற்கு மாற்றியிருந்தார். நகல் எடுக்கச் சொன்னேன், அவரோ வெட்டி ஒட்டியிருந்தார். பத்தாண்டுப் படங்களுக்கு ஒரே பிரதி, அதுவும் தவறாகப் பிரிக்கப்பட்ட வட்டில். நண்பர் ஒருவரிடம் வெளிப்புற வட்டு ஒன்றை இரவல் வாங்கி அனைத்தையும் நகலெடுத்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

அந்த நகலெடுப்பு இரண்டு மூன்று இடங்களில் நெடுநேரம் திக்கித் திக்கி நின்றது. முழு ஃபார்மேட் செய்து சோதித்துவிட்டதாக அவர் அடித்துச் சொல்லியிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. முழு ஃபார்மேட் என்றால் வட்டின் ஒவ்வொரு பகுதியிலும் சுழியத்தை எழுதிச் செல்வது. நொடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட்டுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பாதிக்கே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் என் வீட்டில் இருந்ததே முக்கால் மணி நேரம், அதில் காபி குடித்த நேரமும் அடக்கம். குவிக் ஃபார்மேட் கோப்புப் பட்டியலை மட்டும் புதிதாக எழுதிவிட்டு ஓய்ந்துவிடும். பழுதடைந்த செக்டர்கள் அதில் அகப்படா.

சந்தேகம் வந்தபின் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டைப் பார்த்தேன். வட்டு இயங்கிய நேரம் 26,000 மணிக்கும் மேல் என்று இருந்தது. இரவு பகலாக ஏறத்தாழ மூன்றாண்டு உழைத்த வட்டு அது. பழுதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையும் சுழியமாக இல்லை. வட்டின் மேலிருந்த வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் உத்தரவாதப் பக்கத்தில் இட்டேன். உத்தரவாதம் முன்பே முடிந்திருந்தது. இந்த மணிக்கணக்கையும் சுழியமாக்கி விற்பவர்கள் உண்டு என்பதால், என்னை ஏமாற்றியவர் அந்த அளவுக்குச் சிரமப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மணிக்கணக்கும் வரிசை எண்ணும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்களை அவருக்கு அனுப்பினேன். வேறு வட்டு கொண்டுவந்து பொருத்தித் தருவதாகச் சொன்னார். உறை பிரிக்காத வட்டைக் கையில் கொடுத்தால் போதும், பொருத்துவதையும் பிரிப்பதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதினேன். அதன்பின் அவரிடமிருந்து மறுமொழி இல்லை.