புதிய கார்களின் கட்டாய உதவிகள்: பிரேக்கை நம்பலாம், பீப் சத்தத்தைத் திருத்த வேண்டும்

நான் கார் பழக்குகிறவள். பக்கத்து இருக்கையில் இருந்து, காலடியில் எனக்கென்று ஒரு பிரேக்கும் கிளச்சும் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை முதன்முதலாகப் பிடிப்பவர்களோடு ரோட்டில் இறங்குவதுதான் என் வேலை. அண்மையில் எங்கள் பயிற்சி நிலையம் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 7 முதல் பதிவாகும் எல்லாப் புதிய கார்களிலும் சில ஓட்டுநர் உதவிகள் இருந்தே ஆக வேண்டும். விதி 2019-ல் நிறைவேறியது, 2022 ஜூலையில் புதிய மாடல்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது, இரண்டு ஆண்டு கழித்து எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. இந்த உதவிகள் முழுவதும் உள்ள காரில் நான் பழக்குவது இப்போதுதான். கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்லும் நிறையும் குறையும் அந்த ஒரு மாடலுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் எழுதத் தேவையும் இல்லை.

முதலில் தானியங்கி அவசர பிரேக். மற்ற எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் விட்டாலும் நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன்.

இருபுறமும் வண்டிகள் நிறுத்தியிருந்த ஒரு குடியிருப்புத் தெரு. பழகிக்கொண்டிருந்த பிள்ளை மெதுவாகத்தான் போனார். ஒரு உயரமான வேனுக்கு முன்னால் இருந்து ஒருவர் போனைப் பார்த்தபடியே ரோட்டுக்குள் காலை வைத்தார். என் கால் பெடலை நோக்கிப் போகத் தொடங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அது போய்ச் சேரும் முன்னரே கார் தலையைக் குனிந்து நின்றுவிட்டது. சீட் பெல்ட் தோளில் இறுகியது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மின்னியது, அந்த ஆள் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு ஓடினார். ஒரு நொடியில் பாதிகூட ஆகியிருக்காது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடுகிறது. அந்தப் பாதி நொடி எத்தனை மீட்டர் என்பதைப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். அன்றைக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை.

இதன் வேலை சிக்கலானதல்ல. உள்கண்ணாடிக்குப் பின்னால் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமரா, முன்பக்கத்தில் ஒளிந்திருக்கும் ரேடார், இரண்டும் சேர்ந்து எதிரில் உள்ளதன் தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் பார்க்கின்றன. மோத எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஓயாமல் கணக்கிடுகின்றன. முதலில் எச்சரிக்கை, நீங்கள் அசையாவிட்டால் பிரேக். பாதசாரியையும் சைக்கிள்காரரையும் கண்டு நிற்கும் திறன் புதிய மாடல்களுக்கு 2024 ஜூலையிலும், எல்லாப் புதிய கார்களுக்கும் 2026 ஜூலையிலும் கட்டாயம் என்று விதி வைத்திருக்கிறது. அமெரிக்காவும் 2024 ஏப்ரலில் இதே திசையில் ஒரு விதி வெளியிட்டது, 2029 செப்டம்பர் கெடு. அதில் இரவிலும் பாதசாரியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே நடந்து போகிறவர்கள் அதிகம் உயிரிழப்பது இருட்டில்தானே.

இதற்கும் எல்லை உண்டு. தாழ்ந்த சூரியன் கேமராவின் கண்ணைக் கூசவைக்கும். சேறும் பனியும் ரேடார் முகத்தை மூடிவிடும், அப்போது ஒரு மஞ்சள் குறிப்பு வரும். காலையில் காரைத் துடைக்கும்போது அந்த இரண்டு இடத்தையும் துடையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

பின்னால் எடுக்கும்போது உதவும் சென்சாரும் கேமராவும் கூட விதிக்குள் வருகின்றன. நல்லது, வேலை செய்கிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தோளைத் திருப்பிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி வேக எச்சரிக்கை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இதைப் பற்றிப் பலர் தவறாக விளங்கி வைத்திருக்கிறார்கள். கார் தானாகவே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. எல்லையைத் தாண்டினால் தெரியப்படுத்துவது மட்டும்தான் கட்டாயம், முடிவு ஓட்டுபவர் காலில்தான் இருக்கிறது. எப்படித் தெரியப்படுத்துவது என்பதற்கு விதி நான்கு வழி கொடுத்திருக்கிறது: படிப்படியாக வரும் ஒலி, படிப்படியாக வரும் அதிர்வு, ஆக்சிலரேட்டர் பெடல் மெல்ல எதிர்த்துத் தள்ளுவது, இன்ஜின் விசையைத் தானாகக் குறைப்பது. கடைசி இரண்டிலும் நீங்கள் அழுத்தி மிதித்தால் மீறிவிடலாம். பெடல் தள்ளுவது மிக நல்ல வழி. செய்தி காலுக்கு வருகிறது, வேலை செய்ய வேண்டியதும் கால்தான். கண் ரோட்டிலேயே இருக்கும். பக்கத்தில் உள்ளவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அதற்குப் பெடலில் தனியாக ஒரு மோட்டார் வைக்க வேண்டும். பீப் ஒலிக்கு ஏற்கெனவே காரில் உள்ள ஸ்பீக்கர் போதும். எங்கள் கார்க் கம்பெனி எதைத் தேர்ந்தெடுத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த பீப் பழகுபவரை என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். சத்தம் வந்ததும் அவர் முதலில் செய்வது டேஷ்போர்டைப் பார்ப்பது. அங்கே நாலைந்து விளக்கு, ஒரு எண், ஒரு படம். எதற்காகச் சத்தம் என்று தேடுகிறார். அந்த நேரம் ரோட்டை யாரும் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டினால் வரும் லேன் எச்சரிக்கைக்கும் கிட்டத்தட்ட இதே ஒலி, களைப்பு எச்சரிக்கைக்கும் இதே ஒலி. "அக்கா, கார் ஏன் கத்துது?" என்று கேட்கிற பிள்ளைக்கு "நீங்கள் ரோட்டைப் பாருங்கோ, நான் சொல்லுறன்" என்பதுதான் என் பதில்.

தப்பான எண்ணைப் படிப்பது இன்னும் பெரிய சிக்கல். நெடுஞ்சாலையில் 120-ல் போகிறோம். வலப்புறம் பிரிந்து இறங்கும் பாதையின் ஓரத்தில் 60 என்று ஒரு பலகை. அது இறங்குபவர்களுக்கானது. கேமரா அதை எங்களுக்கானது என்று எடுத்துக்கொண்டு கத்தத் தொடங்கியது. பழகிக்கொண்டிருந்தவர் பயந்து ஆக்சிலரேட்டரில் இருந்து காலை முழுதாக எடுத்துவிட்டார். பின்னால் ஒரு பெரிய லொறி. அதன் முகப்பு எங்கள் கண்ணாடி முழுக்க வளர்ந்துகொண்டு வந்தது. "மிதியுங்கோ, மிதியுங்கோ" என்று நான் கத்தித்தான் கார் திரும்ப வேகம் எடுத்தது. சில நாடுகளில் லொறியின் பின்புறத்தில் அந்த லொறிக்கான வேக எல்லையை வட்டமாக ஒட்டியிருப்பார்கள். அதையும் கேமரா பலகை என்று படிப்பதுண்டு. ஊரின் பெயர்ப் பலகையைத் தாண்டினாலே 50 என்று பொருள்படும் நாடுகளில் எண்ணே இருக்காது, அங்கே வரைபடத் தகவலை நம்ப வேண்டும், வரைபடம் பழையதாக இருந்தால் அதுவும் பிழை. ரோடு வேலை நடக்கும் இடம், மழை பெய்தால் மட்டும் என்ற சிறு துணைப் பலகை, பள்ளி நேரத்துக்கு மட்டும் உள்ள எல்லை, இவை எல்லாம் இன்னும் தடுமாறும் இடங்கள்.

விதியே சோதனைத் தூரத்தில் 90 சதவீதம் சரியாக இருந்தால் போதும் என்கிறது. ஒரு இயந்திரத்துக்கு அது நல்ல மதிப்பெண்தான். ஆனால் மீதி பத்தில் ஒவ்வொன்றுக்கும் சத்தம் போட்டால், சரியான தொண்ணூறையும் மனிதர் கேட்பதை நிறுத்திவிடுவார். புகை இல்லாமலே அடிக்கடி அலறும் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைக்கிற வீட்டுக்காரரைப் போல, பலர் காரை ஸ்டார்ட் செய்ததும் முதல் வேலையாக இதை அணைக்கிறார்கள்.

அணைக்கலாம், விதி அனுமதிக்கிறது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தானாகத் திரும்ப வந்துவிடும், அதுவும் விதிதான். அதை நான் ஏற்கிறேன். வருத்தம் என்னவென்றால், எங்கள் காரில் வேக ஒலியை அணைக்கும் இடம் மெனுவுக்குள் மெனு. அதே பக்கத்தில், ஒரு விரல் அகலத்தில், லேன் உதவியும் அவசர பிரேக்கும் இருக்கின்றன. எரிச்சலில் வேகமாகத் தட்டுபவர் காப்பாற்றும் பிரேக்கையும் சேர்த்து அணைத்துவிடும் வாய்ப்பு எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள். ஸ்டியரிங்கில் ஒரே பட்டனை நீளமாக அழுத்தினால் வேக ஒலி மட்டும் நிற்கும் கார்களும் சந்தையில் உண்டு. ஆகவே இது முடியாத காரியமில்லை.

லேன் உதவி பற்றி என் மனம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை மெல்ல உள்ளே இழுக்கும். போட்டால் பேசாமல் இருக்கும். இண்டிகேட்டர் போடப் பழக்க இதைவிட நல்ல உதவியாளர் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் ஒடுக்கமான கிராமத்து ரோட்டில் சைக்கிள்காரருக்கு இடம் விட்டு விலகும்போது, அதே இழுப்பு காரைச் சைக்கிள் பக்கமாகத் திருப்பப் பார்க்கிறது. கையால் சற்று அழுத்திப் பிடித்தாலே மீறிவிடலாம். பலமில்லாமல் தளர்வாகப் பிடிக்கும் புதிய கை திடுக்கிட்டுப் போகும். அதனால் முதல் பாடத்திலேயே காலியான இடத்துக்குக் கூட்டிப்போய், வேண்டுமென்றே கோட்டைத் தாண்ட வைத்து, அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்று கையில் உணர வைக்கிறேன். ஒருமுறை உணர்ந்தவர் பிறகு பயப்படுவதில்லை. சைக்கிளைக் கடக்கும்போது எப்படியும் இண்டிகேட்டர் போடச் சொல்கிறேன், இழுப்பும் வராது, பின்னால் வருபவருக்கும் தெரியும்.

கவனத்தைக் கண்காணிக்கும் கேமரா ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து முகத்தைப் பார்க்கிறது. 50-க்கு மேல் ஓடும்போது கண் ரோட்டை விட்டுக் கீழே 3.5 நொடி தங்கினால் எச்சரிக்க வேண்டும் என்பது அளவு. நெடுஞ்சாலையில் 100-ல் போகும்போது 3.5 நொடி என்பது கிட்டத்தட்ட 97 மீட்டர். மடியில் போனை வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதியிருக்கிறார்கள், அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். எங்கள் காரில் உள்ளது கொஞ்சம் அவசரக்காரர், சந்தியில் நன்றாகத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையையும் சில வேளை கண்டிக்கிறது. சந்தியில் தலையைத் திருப்பு என்று நான் சொல்வதும் கார் திட்டுவதும் ஒன்றாகக் காதில் விழுந்தால் பழகுபவர் யாரைக் கேட்பார்? மென்பொருள் புதுப்பிப்பில் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று சேவை நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

விபத்துப் பதிவுக் கருவி பற்றிக் கேட்பவர்களுக்கு: மோதலுக்கு முந்தைய 5 நொடியும் பிந்தைய ஒரு கணமும் மட்டும், வேகம், பிரேக் போன்றவை பதிவாகும். நீங்கள் எங்கே போனீர்கள், என்ன பேசினீர்கள் என்பது அதில் இல்லை.

2038-க்குள் 25,000-க்கு மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்படும் என்று ஐரோப்பிய ஆணையம் இந்த விதிகளை வைத்து எதிர்பார்க்கிறது. அந்த வேனுக்கு முன்னால் இருந்து வந்தவரைப் பார்த்த பிறகு எனக்கு அதில் ஐயமில்லை. விதியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். கம்பெனிகள் மலிவான வழியை விட்டு, விதி ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் நல்ல வழிக்கு வர வேண்டும்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது இருக்கையின் மென்மையையும் திரையின் அளவையும் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய், இறங்கும் பாதைகள் இரண்டு மூன்றைக் கடந்து, கார் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பாருங்கள். வேக ஒலியை நிறுத்தத் திரையில் எத்தனை முறை தட்ட வேண்டும் என்று விற்பவரையே செய்து காட்டச் சொல்லுங்கள், அவர் தேடினால் நீங்களும் தேடப்போகிறீர்கள். வேகத்தைப் பெடலிலோ அதிர்விலோ சொல்லும் மாடல் கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். பின்னாளில் கல் பட்டு முன்கண்ணாடி மாற்ற நேர்ந்தால், அதன் பின்னால் உள்ள கேமராவைத் திரும்ப அளவு பார்த்துச் சரிசெய்தார்களா என்று கேட்டு, செய்ததற்கான தாளைக் கையில் வாங்காமல் காரை எடுக்காதீர்கள்.