ராபன் தீவுச் சுற்றுலா: அந்த உணவுப் பலகைக்காகவே போகலாம்

கேப் டவுனில் ஒரே ஒரு அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அதை ராபன் தீவுக்குக் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு மண்டேலாவையும் மற்ற அரசியல் கைதிகளையும் அடைத்து வைத்த சிறைத் தீவு இது, இப்போது அருங்காட்சியகம். டேபிள் மலையைப் படகிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், அதுவும் முழுதாக.

முதலில் டிக்கெட். தீவு அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்கிவிடுங்கள். நான் தங்கிய ஓட்டலின் பயண உதவி மேசையில் இதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். மகன் போனிலேயே அசல் விலையைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். தென்னாப்பிரிக்கர்களுக்குக் கட்டணம் குறைவு, நமக்கு அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை, அது அவர்கள் நாட்டுத் தியாகிகளின் இடம். படகு வாட்டர்ஃப்ரண்ட் பகுதியில், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள நெல்சன் மண்டேலா நுழைவாயிலிலிருந்து கிளம்புகிறது. போய்த் திரும்ப மொத்தம் மூன்றரை மணி நேரம் ஆகும். காற்று பலமாக இருந்தால் பயணம் ரத்தாகும், ஆகவே ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தீவில் இறங்கியதும் பேருந்தில் ஏற்றுகிறார்கள். தொழுநோயாளிகளின் கல்லறைகள், பழைய தேவாலயம், கரையோரப் பெங்குவின்கள் எல்லாம் ஜன்னல் வழியே கடந்து போகின்றன. இரண்டு இடங்களில் மட்டும் மனம் நின்றுவிட்டது.

ஒன்று, ராபர்ட் சொபுக்வேயின் தனி வீடு. ஆப்பிரிக்கர்கள் எப்போதும் அடையாளச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று போராட்டத்தைத் தொடங்கியவர் இவர். அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். சொபுக்வேக்கு மூன்று ஆண்டு தண்டனை. 1963இல் அது முடிந்ததும், அவரை வெளியே விடாமல் இருப்பதற்கென்றே நாடாளுமன்றத்தில் ஒரு சட்டப்பிரிவு கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து 1969 வரை இந்த வீட்டில் தனியாக வைத்திருந்தார்கள். மற்ற கைதிகளோடு பேச அனுமதியில்லை. அவர்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போகும்போது, கையில் மண்ணை அள்ளி விரல் வழியே உதிர விடுவாராம். நாம் இந்த மண்ணின் பிள்ளைகள் என்று அதற்கு அர்த்தம். மண்டேலாவைத் தெரிந்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு சொபுக்வேயைத் தெரியும்? பேருந்து அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று சுண்ணாம்புக்கல் குவாரி. வெயிலில் அந்த வெள்ளைப் பாறை கண்ணைக் கூசுகிறது. கறுப்புக் கண்ணாடிகூட இல்லாமல் இங்கே கல் உடைத்ததில் மண்டேலா உட்படப் பலருக்குக் கண் கெட்டது. வாசலில் சிறு கற்குவியல் ஒன்று இருக்கிறது. 1995இல் பழைய கைதிகள் ஒன்றுகூடியபோது மண்டேலா ஒரு கல்லை எடுத்து வைத்தார், மற்றவர்களும் ஆளுக்கொன்றாக வைத்தார்கள். யாரும் திட்டமிட்டுக் கட்டாத அந்த நினைவுச் சின்னம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் சிறை. இங்கே பேருந்து வழிகாட்டி விடைபெற, இதே சிறையில் அரசியல் கைதியாக இருந்த ஒருவர் நம்மை அழைத்துப் போகிறார். எங்களுக்கு வந்தவர் 1976 சோவெட்டோ மாணவர் எழுச்சிக்குப் பிறகு கைதானவர். குரலை உயர்த்தாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். பொதுக் கொட்டடியில் பெஞ்சில் உட்கார வைத்து, சுவரில் இருந்த ஒரு பலகையைக் காட்டினார். கைதிகளின் உணவுப் பட்டியல் அது.

நான் ஆதி திராவிடர் நல விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பிள்ளைக்கு அரிசி எத்தனை கிராம், பருப்பு எத்தனை, எண்ணெய் எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே காலம் போனது. உணவுப் பட்டியலைப் பார்த்தால் அதை எழுதியவன் சாப்பிடுகிறவனை என்னவாக நினைத்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்தப் பலகையில் இரண்டு பத்திகள். ஒன்று கலப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும், அதாவது இந்தியர்களுக்கும். மற்றது பாண்டு என்று அந்த அரசு வகைப்படுத்திய ஆப்பிரிக்கர்களுக்கு. இறைச்சி முதல் பத்தியில் 6 அவுன்ஸ், இரண்டாவதில் 5. ஜாம் அங்கே உண்டு, இங்கே இல்லை. ரொட்டி அங்கே உண்டு, இங்கே இல்லை. ரொட்டிக்குப் பதிலாகச் சோள மாவைக் கூட்டியிருக்கிறார்கள்.

அந்த ஒரு அவுன்ஸ் இறைச்சிதான் என்னை அசைத்தது. அதனால் அரசுக்கு மிச்சமாகும் பணம் ஒன்றுமில்லை. தராசில் நிறுத்து, தட்டைப் பிரித்து, தினமும் ஒரு ஆளின் கையில் கொடுத்து, நீ அவனைவிட ஒரு படி கீழே என்று சொல்வதற்காக மட்டுமே அந்த அவுன்ஸ். ஒரே போராட்டத்தில், ஒரே தண்டனை பெற்று, ஒரே வரிசையில் தட்டோடு நிற்கிறவர்களைப் பிரிக்க அதைவிட மலிவான வழி கிடையாது. இந்தியக் கைதிகள் தங்கள் ரொட்டியை ஆப்பிரிக்கத் தோழர்களோடு பங்கிட்டுக்கொண்டார்கள் என்று வழிகாட்டி சொன்னார். அந்தப் பலகைக்கு அவர்கள் கொடுத்த பதில் அதுதான்.

உடையிலும் இதே கணக்கு. மண்டேலா மீதும் தோழர்கள் மீதும் நாசவேலைக் குற்றம் சாட்டிய ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 1964 ஜூனில் மண்டேலாவோடு இங்கே கொண்டுவரப்பட்டவர்களில் அகமது கத்ராடா ஒருவர்தான் இந்தியர். அவருக்கு முழுக்கால்சட்டை. அவரைவிட வயதில் மூத்த மண்டேலாவுக்கும் வால்டர் சிசுலுவுக்கும் அரைக்கால்சட்டை, சிறுபிள்ளைகள் போடுவதுபோல. அதே வழக்கில் அதே தண்டனை பெற்ற டெனிஸ் கோல்ட்பெர்க் வெள்ளையர் என்பதால் தீவுக்கே அனுப்பப்படவில்லை. அவர் 22 ஆண்டுகளைப் பிரிட்டோரியா சிறையில் கழித்தார். சிறைக்குள்ளும் நிறவெறி தன் வேலையைச் சரியாகச் செய்தது.

நம் ஆட்கள் இங்கே இருந்தார்களா என்று கேட்பவர்களுக்காக: இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சத்தியாகிரகத்தில் முன்னின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு, 885/63 என்ற எண்ணோடு பத்து ஆண்டுகள் இந்தத் தீவில் கழித்தார். டர்பன் தொழிற்சங்கத் தலைவர் பில்லி நாயர் இருபது ஆண்டுகள். இவர்கள் பெயர்களை ஊரிலிருந்தே தெரிந்துகொண்டு போனால், அந்தப் பலகையின் முதல் பத்தியில் நிற்கும் மனிதர்கள் யார் என்பது புரியும். வெள்ளையரைவிடத் தாழ்ந்தவர்கள், ஆப்பிரிக்கரைவிட உயர்ந்தவர்கள் என்று இடையில் நிறுத்தப்பட்டவர்கள், அந்த இடத்தை ஏற்காமல் ஆப்பிரிக்கரோடு போய் நின்றார்கள். ஒரு தமிழ் வாசகர் இந்தத் தீவில் பார்க்க வேண்டியதாக எனக்குப் படுவது இதைத்தான்.

கடைசியில் மண்டேலாவின் அறை. மூன்று எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். பாய், போர்வை, சிறு மேசை, வாளி. 18 ஆண்டுகள் அவர் இந்தத் தீவில் இருந்தார். கூட்டம் படம் எடுக்க நெருக்குவதால் ஓரிரு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. நான் அறையை விட்டு வெளியே வந்து, முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுயசரிதையின் கையெழுத்துப் பிரதியை மண்டேலாவும் தோழர்களும் இந்த முற்றத்தில்தான் புதைத்து வைத்தார்கள். அறையைவிட முற்றத்தில்தான் அதிகம் தோன்றியது.

கைதிகள் பல ஆண்டுகள் மனுப்போட்டு அனுமதி வாங்கிக் கால்பந்து லீக் நடத்திய கதையும் உண்டு. மகானா கால்பந்துச் சங்கம் என்று பெயர் வைத்து, ஃபிஃபா விதிகளின்படி, புள்ளிப் பட்டியலோடு ஆடியிருக்கிறார்கள். 2007இல் ஃபிஃபா அதற்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. சுற்றுலாவில் இதற்கு நேரம் போதவில்லை. வழிகாட்டியிடம் நீங்களாகவே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.

இந்த வழிகாட்டிகளுக்காகத்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். கடைசி அரசியல் கைதிகள் வெளியேறியது 1991இல். இனி புதிதாக யாரும் வரப்போவதில்லை, இருப்பவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

வெயில் காலமானாலும் காற்றுத் தடுக்கும் மேல்சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடல் குமட்டல் உள்ளவர்கள் மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளவும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இது நீளம்.