கறுப்பு லெதர் ஷூ: எதை எடுப்பது, எதை விடுவது

ஆபீஸ், இன்டர்வியூ, கல்யாண ரிசப்ஷன் எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி கறுப்பு ஷூதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் என் தேர்வு இது: டெர்பி வடிவம், ஃபுல் கிரெய்ன் (மேல்பரப்பைத் தேய்த்து எடுக்காத) தோல், ரப்பர் சோல். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் இதுவாக இருக்காது.

வடிவத்தில் ஆரம்பிப்போம். லேஸ் ஷூவில் ஆக்ஸ்போர்டா, டெர்பியா என்பதுதான் கேள்வி. ஆக்ஸ்போர்டில் லேஸ் கோக்கிற இரண்டு மடல்களும் முன்பக்கத் தோலுக்கு அடியில் தைக்கப்பட்டிருக்கும். கட்டினால் இரண்டும் நெருங்கி மூடிக்கொள்ளும். சூட்டுக்குக் கீழே அதன் அழகே தனி, அதில் வாதம் இல்லை. டெர்பியில் மடல்கள் மேலே தைக்கப்பட்டிருப்பதால் லேஸைத் தளர்த்தினால் வாய் நன்றாக விரியும். செருப்பிலேயே வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதத்தின் முன்பக்கம் அகலம். புறங்கால் உயரமாக இருந்தால் ஆக்ஸ்போர்டின் மடல்கள் சேராமல் பிளந்து நிற்கும். சாயங்காலம் கால் வீங்கும்போது டெர்பி இடம் கொடுக்கும், ஆக்ஸ்போர்டு கொடுக்காது. வாரம் முழுக்க சூட் போடுகிற வேலை என்றால் மட்டும் ஆக்ஸ்போர்டு.

பணத்தைப் போட வேண்டிய இடம் தோல். கடை விளக்கில் கண்ணாடிபோல் மின்னுகிற ஷூ பெரும்பாலும் கரெக்டட் கிரெய்ன்: தழும்பும் கொசுக்கடித் தடமும் உள்ள தோலின் மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தது. துடைத்தாலே பளபளக்கும், மழைத்துளி உருண்டு ஓடும். ஆனால் விரல் மடங்குகிற இடத்தில் நாளடைவில் அந்தப் பூச்சு வெடிக்கும். வெடித்த பிறகு எந்தப் பாலிஷும் உள்ளே இறங்காது. ஃபுல் கிரெய்னில் மேல்பரப்பு அப்படியே இருக்கும். புதிதில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், போடப்போட மெருகேறும். கண்டுபிடிக்க ஒரு வழி: மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நுண்ணிய சுருக்கங்கள் ஓடி, விரலை எடுத்ததும் மறைந்தால் நல்ல தோல். அகலமான, விறைத்த மடிப்பு விழுந்தால் பூச்சு கனம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தைக்கிற ஷூக்கள் ஐரோப்பியக் கடைகள்வரை போகின்றன. நல்ல தோலுக்கு நாம் வெளிநாட்டுப் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சோலில் மூன்று போட்டியாளர்கள். லெதர் சோல் காற்றோட்டமானது, ஆனால் ஈரமான கிரானைட் தரையில் வழுக்கும், மழையில் ஊறும். நம் ஊருக்குச் சரிவராது. பியு (பாலியூரிதேன் என்ற நுரை பிளாஸ்டிக்) சோல் மெத்தென்று, எடையில்லாமல் இருக்கும். அதன் கெடுதல் அலமாரியில்தான் தெரியும். காற்றிலுள்ள ஈரம் சில வகைப் பியுவை உள்ளிருந்தே சிதைக்கிறது. விசேஷத்துக்கு மட்டும் என்று பெட்டியில் வைத்த ஷூவை சில வருஷம் கழித்து எடுத்துப் போட்டால், மண்டப வாசலிலேயே சோல் கறுப்புத் துகளாக உதிரும். அதனால் ரப்பர். கனம்தான், ஆனால் உழைக்கும்.

ஒட்டியதா, தைத்ததா? குட்இயர் வெல்ட் முறையில் மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டை தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைப்பார்கள். (1870-களில் இந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைஸ் முறையைக் கண்டுபிடித்த குட்இயரின் மகன்.) தேய்ந்தால் சோலை மட்டும் மாற்றலாம். விலை அதிகம், தினமும் போடுகிறவருக்குக் கட்டுப்படியாகும், மற்றவருக்கு ஒட்டியதே போதும்.

சைஸைச் சாயங்காலம் பாருங்கள், ஆபீசுக்குப் போடும் ஸாக்ஸோடு. அரை சைஸ் என்பது 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதுவே பெரிய வித்தியாசம். தோல் அகலத்தில் கொஞ்சம் நெகிழும், நீளத்தில் நெகிழாது. பக்கவாட்டில் லேசாகப் பிடித்தால் வாங்கலாம். பெருவிரல் முட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம்போல் போட்டு நடங்கள். சீக்கிரம் இளகட்டும் என்று ஹேர் டிரையர் காட்டுவது, தண்ணீரில் நனைப்பது இரண்டும் தோலை உலர்த்தி வெடிக்கவைக்கும். சுண்டுவிரல் பக்கம் மட்டும் கடித்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள், கட்டை போட்டு அந்த இடத்தை விரித்துத் தருவார்.

பாலிஷில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஸ்பாஞ்ச் வைத்த திரவப் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அவசரத்துக்கு மின்னும், ஆனால் மேலே ஒரு படலமாகக் காய்ந்து மடிப்பில் வெடிக்கும். டப்பா மெழுகுப் பாலிஷ் நல்ல பளபளப்பு தரும். ஷூவின் மூக்கிலும் குதிகாலிலும் பூசுங்கள், மடங்குகிற இடத்தில் மிக லேசாக. அன்றாடத்துக்குக் கிரீம்தான் என் கட்சி. அதிலுள்ள எண்ணெய் தோலுக்குள் இறங்கும், கறுப்புச் சாயம் வெளுப்பை மறைக்கும். முதலில் தூசியைப் பிரஷால் தட்டி, பழைய பனியன் துணியில் பட்டாணி அளவு கிரீம் எடுத்து வட்டமாகத் தேய்த்து, பத்து நிமிஷம் விட்டுக் குதிரைமயிர் பிரஷ் போடுங்கள். மாதம் இரண்டு முறை போதும்.

மழையில் நனைந்தால் லேஸையும் இன்சோலையும் எடுத்துவிட்டு, உள்ளே நியூஸ்பேப்பரைத் திணித்து, பக்கவாட்டில் சாய்த்து ஃபேன் காற்றில் வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். பேப்பர் ஈரமானால் மாற்றுங்கள். முழுக்க உலர்ந்த பிறகுதான் கிரீம்.