ஹீத்ரோ – பாரிஸ் விமானம்: 50 நிமிடம் பறக்க ஐந்து மணி நேரம்

லண்டன் ஹீத்ரோவுக்கும் பாரிஸ் சார்ல் டி கோலுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். டிக்கெட்டில் பயண நேரம் 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 25 நிமிடம் வரை போட்டிருக்கும். வானத்தில் இருப்பது என்னவோ 45, 50 நிமிடம்தான். ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்கிவிடுவதால் முழு வேகத்தில் பறக்க இடமில்லை.

மீதி அரை மணி தரையில் கரைகிறது. ஹீத்ரோவில் புறப்பட வரிசை. பாரிஸில் நான்கு ஓடுபாதைகள். வழக்கமாக வெளிப்பக்கம் இரண்டில் விமானங்களை இறக்குவார்கள், உள்பக்கம் இரண்டிலிருந்து கிளப்புவார்கள். இறங்கிய விமானம் முனையத்துக்குப் போக உள் ஓடுபாதையைக் கடக்க வேண்டும். அங்கே இன்னொன்று கிளம்பும்வரை நிற்கும். திரும்பும்போது ஹீத்ரோவில் நெரிசல் என்றால் லண்டனுக்குத் தென்கிழக்கே பிக்கின் ஹில் பக்கம் வானத்திலேயே வட்டமடிக்க விடுவார்கள். கால அட்டவணையில் இதற்கெல்லாம் சேர்த்தே நேரம் வைத்திருக்கிறார்கள்.

பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். காலை 10:00க்குக் கிளம்பினால் 12:20க்கு இறங்குவதாகக் காட்டும். திரும்பும் விமானம் 10:00க்குக் கிளம்பி 10:20க்கே வந்துவிட்டதாகத் தெரியும். டிக்கெட் தவறில்லை.

மத்திய லண்டனிலிருந்து கணக்குப் போடுவோம். எலிசபெத் லைன் ரயிலில் ஹீத்ரோ 35 நிமிடம், இரண்டு மணி நேரம் முன்னால் போவது, விமானம் 1 மணி 20 நிமிடம், கடவுச்சீட்டு வரிசையும் பெட்டியும் முக்கால் மணி, ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் பாரிஸ் நகருக்குள் கார் து நோர் நிலையம் 35 நிமிடம். ஐந்தே கால் மணி! இதில் எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதது கடவுச்சீட்டு வரிசை. 2025 அக்டோபரில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை தொடங்கியதால், ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டோ வதிவிட அட்டையோ இல்லாதவர்கள் முதல் தடவை கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

கடலடிச் சுரங்கம் வழியாகப் போகும் யூரோஸ்டார் ரயில் லண்டன் சென்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து சுமார் 2 மணி 20 நிமிடம். ஒன்றேகால் மணி நேரம் முன்னால் போனாலும் மொத்தம் 3 மணி 35 நிமிடம். பிரெஞ்சுச் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடுவதால் கார் து நோரில் இறங்கி நேரே வெளியே நடக்கலாம். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெரு அங்கிருந்து பத்து நிமிட நடை.

விமானத்துக்குச் சாதகமான இடம் ஒன்று: பாரிஸில் மாறி பெங்களூர் போன்ற தூர ஊருக்குப் போவது. இரண்டு பயணத்தையும் ஒரே பதிவில் எடுங்கள். வெறும் ஹீத்ரோ – பாரிஸ் டிக்கெட்டுக்கு, நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இழப்பீடு 220 பவுண்டு. பாரிஸிலிருந்து வருகையில் 250 யூரோ. ஒரே பதிவென்றால் கடைசி ஊர் வரையான தூரத்தை எடுப்பார்கள், தொகை 520 பவுண்டு வரை போகும். தனித்தனியாக வாங்கி இரண்டாவதைத் தவறவிட்டால் புது டிக்கெட் உங்கள் செலவு.

ஹவுன்ஸ்லோ, சவுத்தால்காரர்களுக்கு ஹீத்ரோ பக்கத்திலேயே இருப்பதால் கைப்பையோடு மட்டும் போனால் விமானமும் ஈடுகொடுக்கும். ஈஸ்ட் ஹாமிலிருந்து லாச்சப்பல் போக விமானம் எடுப்பது வீண்வேலை.